பழைய ஸ்பானியத் திகில் படங்கள்: முதல் வட்டாக எதை வாங்குவது?

1960களின் இறுதியில் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை ஸ்பெயினில் அடுத்தடுத்து வெளிவந்த திகில் படங்கள், நெடுங்காலம் தேய்ந்த வீடியோ நாடாக்களிலும் மங்கலான டிவிடிகளிலும் மட்டுமே பார்க்கக் கிடைத்தன. கடந்த சில ஆண்டுகளில் அந்த நிலை மாறிவிட்டது. ஆரோ, செவரின், சினாப்ஸ், மோண்டோ மகாப்ரோ, ஸ்க்ரீம் ஃபேக்டரி போன்ற பிரிட்டிஷ், அமெரிக்க நிறுவனங்கள் அந்தப் படங்களை மீட்டெடுத்து ப்ளூரே வட்டுகளாகக் கொண்டுவந்திருக்கின்றன. இதனால் புதிதாக இந்தப் படங்களைத் தேடி வருகிறவருக்கு இப்போது வேறொரு சிக்கல். ஒரே நடிகரின் ஐந்து படங்கள் அடங்கிய பெட்டியை வாங்குவதா, ஒரே ஒரு படத்தின் சிறந்த பதிப்பை வாங்குவதா, ஒரு தொடரை முழுமையாக வாங்குவதா, அல்லது அறியப்படாத படங்களைத் திரட்டித் தரும் தொகுப்பில் தொடங்குவதா? கடல் கடந்து வரும் வட்டின் விலையோடு அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும்போது, நம்மில் பெரும்பாலோர் ஆண்டுக்கு இரண்டு மூன்று வட்டுகளுக்கு மேல் வாங்க முடியாது. அதனால் இந்தத் தேர்வை நிதானமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

மீட்டெடுத்த படம் என்றதும் பலரும் முதலில் கேட்பது படத்தின் நுணுக்க அளவு 2கேயா 4கேயா என்பதைத்தான். ஸ்பானியத் திகில் படங்களைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி என்பதே என் உறுதியான கருத்து. வட்டில் இருப்பது படத்தின் எந்த வடிவம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஜெனரல் ஃபிராங்கோவின் ஆட்சியில் ஒவ்வொரு திரைக்கதையும் படப்பிடிப்புக்கு முன்பே தணிக்கைக்குச் சென்றது; முடிந்த படம் மறுபடியும் சென்றது. 1963இல் தணிக்கை விதிகள் எழுத்து வடிவம் பெற்ற பிறகு திகில் படங்களுக்குச் சற்று இடம் கிடைத்தது என்றாலும், இத்தகைய கொடூரங்கள் ஸ்பானிய மண்ணில் நடப்பதாகக் காட்டுவது விரும்பப்படவில்லை. இந்தப் படங்களில் பிரெஞ்சு விடுதிகளும் போர்ச்சுகீசிய இடிபாடுகளும் ஆங்கிலேயக் கல்லறைகளும் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே பெரிய காரணம். ஸ்பானியத் திரையின் புகழ்பெற்ற ஓநாய் மனிதன் வால்டெமர் டானின்ஸ்கி ஒரு போலந்துக்காரனாக இருப்பதும் அதனால்தான். அவனை உருவாக்கி நடித்த பால் நாஷி முதலில் எழுதியது வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியைச் சேர்ந்த ஒருவனை; ஸ்பானியன் ஒருவன் ஓநாயாக மாறுவதைத் தணிக்கை ஏற்கவில்லை.

இதே தணிக்கையால் இன்னொரு வழக்கமும் உருவானது. உள்நாட்டுத் திரையரங்குகளுக்கு ஆடை அணிந்தபடி ஒரு காட்சி, ஏற்றுமதிக்கு ஆடையின்றி அதே காட்சி என்று இரண்டு முறை படமாக்கினார்கள். ‘இரட்டை வடிவம்’ என்று ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயரே உண்டு. வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் தம் பங்குக்கு வெட்டினார்கள், காட்சிகளை இடம் மாற்றினார்கள், புது முன்னுரை சேர்த்தார்கள். ஆகவே இந்தப் படங்களில் பலவற்றுக்கும் ‘மூலப் படம்’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது எளிதல்ல. 1977 இறுதியில் தணிக்கை ஒழிக்கப்படும் வரை, ஒரு படத்தின் இரு வடிவங்களையும் ஒரே பார்வையாளர் பார்க்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. இன்று வீட்டில் சுழலும் வட்டுதான் அவ்விரண்டையும் முதன்முதலாக அருகருகே வைக்கிறது. அதைச் செய்யாத பதிப்பு, எவ்வளவு கூர்மையான படத்தைத் தந்தாலும், பாதியைத்தான் தருகிறது.

குரல் விஷயமும் இதோடு சேர்ந்ததே. அக்காலத்து ஸ்பானியப் படங்களில் வசனம் பெரும்பாலும் படப்பிடிப்பின்போது பதிவு செய்யப்படவில்லை. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்பட்டது. ஒரே படத்தில் ஜெர்மானிய, ஆங்கில, ஸ்பானிய நடிகர்கள் தத்தம் மொழியில் வாயசைத்திருப்பார்கள். கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இது விநோதமாகப் படாது. ஆனால் ‘மூல மொழி எது’ என்ற கேள்விக்கு இங்கே படத்துக்குப் படம் விடை மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பானிய ஒலியும் ஆங்கில ஒலியும் சேர்ந்து இருக்கும் வட்டையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். ஆங்கிலக் குரல்கள் அவசரத்தில் சேர்க்கப்பட்ட படங்களில், ஸ்பானிய ஒலிக்கு மாற்றி ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் நடிகரின் மதிப்பே கூடிவிடுகிறது.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்க்கும்போது என் முதல் தேர்வு நார்சிஸோ இபான்யெஸ் செர்ரடோர் இயக்கிய ‘லா ரெஸிடென்ஸியா’, அதாவது ‘விடுதி’. 1966 முதல் ஸ்பானியத் தொலைக்காட்சியில் ‘உறங்கவிடாத கதைகள்’ என்ற தொடரை நடத்தி நாடெங்கும் பெயர் பெற்றிருந்த அவர், 1969இல் எடுத்த முதல் திரைப்படம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி. அதை இரும்புக் கையால் நடத்தும் மேடம் ஃபோர்னோவாக லில்லி பால்மர். மாணவிகளோடு பழகக் கூடாதென்று அவர் பொத்திப் பொத்தி வளர்க்கும் மகன். ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போகும் மாணவிகள். சர்வதேசச் சந்தையை எண்ணி, படத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எடுத்தார்கள். காந்தாப்ரியா மாநிலத்தின் கோமில்யாஸ் ஊரில் உள்ள சோப்ரெல்யானோ மாளிகையின் கல் முகப்புதான் விடுதியின் வெளித்தோற்றம்.

இந்தப் படத்தில் தையல் வகுப்புக் காட்சி ஒன்று உண்டு. மாணவிகள் வரிசையாக அமர்ந்து துணியில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி மட்டும் அங்கே இல்லை. விறகு கொண்டுவரும் இளைஞனைச் சந்திக்க அன்று அவளுடைய முறை, அது எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. காமிரா கண்களுக்கும் உதடுகளுக்கும் விரல்களுக்கும் ஊசியின் காதுக்கும் மாறி மாறிச் செல்கிறது. வெட்டுகளின் வேகம் கூடுகிறது. தொலைவில் நடப்பதன் ஒலி அந்த வகுப்பறையின் மீது படர்கிறது. குளியலறையில்கூட மாணவிகள் நீண்ட வெள்ளை அங்கியோடு நீராடும் ஒரு படத்தில், தணிக்கையின் இறுக்கத்தையே தன் பொருளாக மாற்றிக்கொண்ட காட்சி இது. மங்கலான பிரதியில் இது வெறும் வேகமான படத்தொகுப்பாகத் தோன்றும். நூலின் இழையும் நெற்றியில் துளிர்க்கும் வியர்வையும் தெரியும் பிரதியில்தான் அந்த அறையின் புழுக்கம் நம்மை வந்தடைகிறது.

இதற்கு ப்ளூரேயில் இரண்டு பதிப்புகள் உள்ளன: ஸ்க்ரீம் ஃபேக்டரி 2016இல் வெளியிட்டது ஒன்று, ஆரோ 2023இல் வெளியிட்டது மற்றொன்று. இரண்டிலும் ஏறத்தாழ 105 நிமிட முழு வடிவமும், 1971இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காகச் சுருக்கப்பட்ட சுமார் 94 நிமிட வடிவமும் உண்டு. ஆரோவின் பதிப்பு புதிதாக 2கேயில் மீட்டெடுத்தது, நேர்காணல்கள் போன்ற இணைப்புகளும் செறிவானவை. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் ஆரோவையே வாங்குங்கள். ஏற்கெனவே பழையது கையில் இருப்பவர் உடனே மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பணம் இதே இயக்குநரின் அடுத்த படத்துக்குப் போகட்டும்.

அந்த அடுத்த படம் 1976இல் வந்த ‘கியென் புவேதே மத்தார் ஆ உன் நின்யோ’, ‘ஒரு குழந்தையை யாரால் கொல்ல முடியும்’. ஓர் ஆங்கிலேயத் தம்பதி, மனைவி கர்ப்பிணி, ஒரு சிறு தீவுக்கு வருகிறார்கள். அங்கே குழந்தைகள் மட்டுமே இருக்கிறார்கள். திகில் படம் என்றால் இருட்டு என்ற வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது: உச்சிவெயில், சுண்ணாம்பு பூசிய சுவர்கள், ஆளற்ற சந்து, எங்கிருந்தோ ஒரு குழந்தையின் சிரிப்பு. ஹோசே லூயிஸ் அல்கைனேயின் ஒளிப்பதிவில் வெண்மைக்குள்ளேயே பல படிகள் உண்டு. மோசமான பிரதியில் அவை எல்லாம் ஒரே வெளிறலாகக் கரைந்துவிடும். படத்தின் தொடக்கத்தில் ஆஷ்விட்ஸ், கொரியா, வியட்நாம், பியாஃப்ரா, இந்திய பாகிஸ்தான் மோதல் ஆகியவற்றில் மாண்ட குழந்தைகளைக் காட்டும் செய்திப்படத் துண்டுகள் சில நிமிடங்களுக்கு நீள்கின்றன. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அந்தப் பகுதியை நீக்கினார்கள். அது இல்லாமல் பார்த்தால் குழந்தைகளின் சீற்றத்துக்கு வேரே இல்லை. மோண்டோ மகாப்ரோ 2018இல் வெளியிட்ட வட்டு முழு வடிவத்தைத் தருகிறது. இதை ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த ஒலியோடு பார்க்க வேண்டும்; தம்பதிக்கும் தீவுக்காரர்களுக்கும் இடையிலான மொழி இடைவெளி, எல்லோரும் ஸ்பானியத்தில் பேசும் டப்பிங்கில் காணாமல் போய்விடுகிறது. தரத்தில் ‘விடுதி’யைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இது தனித்து நிற்கும் படம். அக்காலத்து ஸ்பானியத் திகிலின் பொதுவான சாயல் எதுவும் இதில் இல்லாததால், நுழைவாயிலாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. தவிர, குழந்தைகள் இறப்பதைத் திரையில் பார்க்க முடியாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

பொதுவான சாயல் வேண்டும் என்பவருக்குப் பால் நாஷியே வழி. ஹசிந்தோ மொலினா என்ற இயற்பெயர் கொண்ட இந்த மத்ரித்காரர் பளு தூக்கும் வீரராக இருந்து நடிகரானவர். 1968இல் ‘லா மார்கா தெல் ஓம்ப்ரே லோபோ’வில் முதன்முதலாக ஓநாய் மனிதன் வேடம் பூண்டார். 1971இல் லெயோன் கிளிமோவ்ஸ்கி இயக்கிய ‘லா நோச்சே தெ வால்புர்கிஸ்’ பெருவெற்றி பெற்ற பிறகுதான் ஸ்பெயினில் திகில் படங்களின் அலை எழுந்தது. ஸ்க்ரீம் ஃபேக்டரி 2017இல் ஐந்தைந்து படங்களாக இரண்டு நாஷி தொகுப்புகளை வெளியிட்டது. ஒரு படத்துக்கான செலவைக் கணக்கிட்டால் இதைவிட மலிவான வழி கிடையாது. எழுத்து, நடிப்பு, பின்னாளில் இயக்கம் என்று ஒரே மனிதர் இத்தனை ஆண்டுகள் விடாப்பிடியாக நின்றதை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, தனிப்படத்தில் கிடைக்காத ஒரு வாஞ்சை உண்டாகிறது. அவர் ஓநாயாக மாறும் கணத்தில் உடம்பு முழுவதையும் இறுக்கி முறுக்கும் விதத்தில் பளு தூக்கியவரின் தசைகள் பேசுகின்றன.

முதல் தொகுப்பில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கார்லோஸ் ஆவ்ரெத் இயக்கிய ‘எல் எஸ்பாந்தோ சுர்ஹே தெ லா தும்பா’, ‘கல்லறையிலிருந்து எழும் பயங்கரம்’ என்ற 1973ஆம் ஆண்டுப் படத்தை. தலை வேறு உடல் வேறாகப் புதைக்கப்பட்ட ஒரு மந்திரவாதி நூற்றாண்டுகளுக்குப் பின் ஒன்றுசேரும் கதை. ஸ்பெயினுக்காக ஆடையோடு எடுக்கப்பட்ட மாற்றுக் காட்சிகளும் இந்த வட்டில் இணைப்பாக உள்ளன. ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே நடிகை, ஆனால் உடலைப் போர்த்திய ஒரு துணி மட்டும் கூடுதல். அந்தத் துணியைப் பார்க்கும்போது ஒரு நாட்டின் அரசு அந்த அறைக்குள் வந்து நின்றதுபோல் இருக்கும். அதே தொகுப்பில் உள்ள ‘லா ரெபெலியோன் தெ லாஸ் முவெர்த்தாஸ்’ நமக்கு வேறொரு வகையில் ஆர்வமூட்டுவது. அதில் நாஷி லண்டனில் வாழும் கிருஷ்ணா என்ற இந்தியச் சாமியாராக வருகிறார். அவருடைய சகோதரனாகவும் சாத்தானாகவும் வருபவரும் அவரே. இந்தியாவைப் பற்றிய அந்தப் படத்தின் அறிவு மிகக் குறைவு. ஆனாலும் 1970களின் ஐரோப்பா நம் சாமியார்களை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதற்கு அது ஓர் ஆவணம்.

இத்தனை சொல்லியும் முதல் வட்டாக நாஷி தொகுப்பை நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஐந்தில் இரண்டு படங்களாவது, குறைந்த பணத்தில் குறைந்த நாட்களில் எடுக்கப்பட்டதன் களைப்பை வெளிப்படையாகக் காட்டும். அவருடைய உலகத்தின் மீது ஏற்கெனவே பற்று வந்துவிட்டவருக்கு அது பொருட்டல்ல. வராதவர், முதல் மாலையில் தற்செயலாக அந்த இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டால், மொத்தப் பெட்டியையும் அலமாரியில் வைத்துவிடுவார். இரண்டாம் தொகுப்பில் உள்ள ‘எல் ஹொரொபாதோ தெ லா மோர்கே’, ‘பிணவறையின் கூனன்’, நாஷியின் நடிப்பில் உச்சம் என்று நான் கருதும் படம். ஆனால் அதில் உயிருள்ள எலிகளைத் தீயிட்ட காட்சி ஒன்று இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை, ஒவ்வொரு முறையும் கடந்துபோகிறேன்.

மூன்றாவது வழி இயக்குநர் அமாந்தோ தெ ஒஸ்ஸோரியோவின் குருட்டுப் பிணங்கள் தொடர். 1972க்கும் 1975க்கும் இடையே வெளியான நான்கு படங்கள் இவை. நரபலி கொடுத்து மரணத்தை வெல்ல முயன்ற டெம்ப்ளர் எனப்படும் இடைக்காலக் கிறிஸ்தவப் படைத்துறவிகள் தூக்கிலிடப்படுகிறார்கள். பறவைகள் அவர்களுடைய கண்களைக் கொத்துகின்றன. அதனால் எழுந்து வரும்போது அவர்கள் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். ஒளிந்திருப்பவரின் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும்கூட அவர்களை இழுத்துவரும். முதல் படமான ‘லா நோச்சே தெல் தெரோர் சியேகோ’வில் அவர்கள் குதிரைகளில் வரும் காட்சி மெதுவாக்கப்பட்ட அசைவில் ஓடுகிறது, பழைய துணிகள் காற்றில் மிதக்கின்றன, அந்தோன் கார்சியா அப்ரிலின் இசையில் துறவிகளின் முனகல் போன்ற குரல்கள் எங்கோ ஆழத்திலிருந்து எழுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் மலிவான டிவிடி ஒன்றில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது குதிரைகளையே என்னால் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. கருமைக்குள் கருமை அசைந்தது, அவ்வளவுதான். மீட்டெடுத்த பிரதியில் அதே காட்சியைப் பார்த்தபோது, அது பகல் வெளிச்சத்தில் எடுத்து இரவாக நிறம் மாற்றிய காட்சி என்பதும், இடிந்த வளைவின் கற்களுக்கு இடையே புல் முளைத்திருப்பதும், குளம்புகள் எழுப்பும் தூசி அந்தரத்தில் நிற்பதும் தெரிந்தன. அந்தப் பிணங்களின் முகத்தில் தோல் காய்ந்த காகிதம்போல் மடிந்திருந்தது. அன்றைக்குத்தான் ஒஸ்ஸோரியோ எவ்வளவு பொறுமையான கைவினைஞர் என்பது எனக்குப் புரிந்தது.

இங்கே பழையதும் புதியதும் நேராக மோதுகின்றன. ப்ளூ அண்டர்கிரவுண்ட் 2005இல் நான்கு படங்களையும் சவப்பெட்டி வடிவப் பெட்டியில் ஐந்து டிவிடிகளாக வெளியிட்டது. முதல் படத்தின் ஸ்பானிய வடிவமும் அமெரிக்காவுக்காக மாற்றிய வடிவமும் அதிலேயே இருந்தன. அமெரிக்க வடிவத்தில் டெம்ப்ளர்களின் நரபலிக் காட்சியைக் கதையின் நடுவிலிருந்து எடுத்துத் தொடக்கத்தில் வைத்துவிட்டார்கள். பிணங்கள் யாரென்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுவதால், பாழடைந்த மடத்தில் தனியே இரவு தங்கும் பெண்ணின் காட்சி தன் புதிரை இழக்கிறது. இவர்களை உயிர்த்தெழுந்த குரங்குகள் என்று சொல்லி விற்க அமெரிக்காவில் சேர்த்த ஒரு முன்னுரையும் அந்தத் தொகுப்பில் இணைப்பாக உண்டு. ஒரு படத்தின் மேல் வணிகம் எத்தனை கை வைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சினாப்ஸின் ப்ளூரே பதிப்பும் இரண்டு வடிவங்களையும் தருகிறது, மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த கூர்மையோடு. ஆகவே தொடரில் முதல் படம் மட்டும் போதுமென்றால் சினாப்ஸைத் தயங்காமல் வாங்கலாம். நான்கும் வேண்டுமென்றால், பழைய டிவிடிப் பெட்டி நியாயமான விலைக்குக் கைமாறும் இடத்தில் அதை இன்றும் மதிப்பேன். மூன்றாவது படமான ‘எல் புகே மல்தீதோ’வில் கடலில் எரியும் கப்பல் ஒரு சிறு பொம்மை என்பது எந்தப் பிரதியிலும் மறையாது, கூர்மை கூடினால் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

கூட்டுத் தயாரிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இவற்றுக்கு அறிமுகம் குறைவாகவே தேவை. ஹோர்ஹே கிராவ் 1974இல் இத்தாலியக் கூட்டுறவோடு இங்கிலாந்தைக் களமாக வைத்து எடுத்த ‘நோ ப்ரொஃபனார் எல் சுவேன்யோ தெ லோஸ் முவெர்த்தோஸ்’ (இறந்தோரின் உறக்கத்தைக் கலைக்காதே), வயலில் பூச்சி ஒழிக்க வைத்த ஒலியலைக் கருவி பிணங்களை எழுப்பும் கதை. பசும்புல் மேடுகளும் மூடுபனியும் புகை கக்கும் மான்செஸ்டரும் சேர்ந்து, சுற்றுச்சூழல் பற்றிய கோபத்தைத் திகிலாக மாற்றுகின்றன. நாடு நாடாக வேறு வேறு பெயர்களில் வெளியான இதை, சினாப்ஸ் மூல நெகட்டிவிலிருந்து 4கேயில் மீட்டெடுத்தது. நான் பார்த்தவற்றுள் படத்தரத்தில் முதலிடம் இதற்கே. எவுஹேனியோ மார்த்தினின் ‘பானிகோ என் எல் திரான்ஸிபெரியானோ’ 1972இல் வந்தது. சைபீரிய ரயிலில் ஆங்கிலத் திகில் படங்களின் நட்சத்திரங்களான பீட்டர் குஷிங்கும் கிறிஸ்டோபர் லீயும் பயணம் செய்கிறார்கள்; பனியில் உறைந்திருந்த ஏதோ ஒன்று பெட்டியைத் திறந்து வெளியேறுகிறது. மனைவியை இழந்த துயரத்தில் நடிக்கவே மனமின்றி இருந்த குஷிங்கை நண்பர் லீதான் பேசித் தேற்றி இருத்தினார் என்பார்கள். அதை அறிந்த பின் அவ்விருவரும் சேர்ந்து நிற்கும் காட்சிகள் வேறு விதமாகத் தெரிகின்றன. அமெரிக்காவில் இதன் உரிமை பொதுவெளிக்குப் போய்விட்டதால் யார் வேண்டுமானாலும் வட்டு போட்டார்கள், சந்தையில் சாம்பல் நிறப் பிரதிகள் நிறைந்தன. நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்: வெண்பனி அழுக்கு நீர்போல் இருந்தது, வசனம் ரயில் ஓசையில் மூழ்கியது. ஆரோவின் 2019 பதிப்பு தவிர வேறு மலிவுப் பிரதிகளின் பக்கம் போகவே வேண்டாம். ஆங்கிலப் பழந்திகில் படங்களை ஏற்கெனவே ரசிப்பவருக்கு இதுவே மிக இதமான நுழைவு.

நான்காவது வழி, செவரின் 2024இல் வெளியிட்ட ‘டான்ஸா மகாப்ரா’ வரிசையின் மூன்றாம் தொகுதி. முற்றிலும் ஸ்பானிய கோதிக் (பழங்கோட்டை, கல்லறை சார்ந்த திகில்) படங்களுக்கென ஒதுக்கப்பட்ட இதில் நான்கு படங்கள்; ஹாம்மர் என்ற பிரிட்டிஷ் திகில் பட நிறுவனத்தில் பெயர் பெற்ற ஆங்கிலேய இயக்குநர் ஜான் கில்லிங், கவிஞர் பெக்கெரின் பழங்கதைகளைத் தழுவி 1975இல் ஸ்பெயினில் எடுத்த தம் கடைசிப் படமும், நான்கு இளம் இயக்குநர்கள் ஆளுக்கொரு கதையாக எடுத்த ‘பஸ்தேல் தெ சாங்ரே’யும் அவற்றுள் அடங்கும். இவற்றில் பல முன்பு தேடினாலும் கிடைக்காதவை என்பதால் இந்தத் தொகுப்பின் பயன் பெரிது. ஆனால் இது தேடலின் இரண்டாம் ஆண்டுக்கு உரியது. மரபு தெரிந்த பிறகே விலகல் இனிக்கும். இதைவிட அவசரமாக ஒருவர் பார்க்க வேண்டியது, அதே செவரின் 2021இல் வெளியிட்ட எலோய் தெ லா இக்லேசியாவின் ‘லா ஸெமானா தெல் அசெசினோ’ (கொலையாளியின் வாரம்). 1972ஆம் ஆண்டின் இந்தப் படம் ஸ்பெயினை விட்டு ஓடவில்லை. மத்ரித்தின் விளிம்பில், உயர்ந்தெழும் அடுக்குமாடிகளுக்குக் கீழே தனித்து நிற்கும் ஒரு குடிசையில் வாழும் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளியைப் பற்றியது. தணிக்கை அதைக் கடுமையாக வெட்டியது. வட்டில் சர்வதேச வடிவமும் அதைவிட நீளமான ஸ்பானிய வடிவமும் உள்ளன. ஏற்றுமதி வடிவம்தான் எப்போதும் முழுமையானது என்ற எளிய விதியை இந்த ஒரு வட்டே தகர்த்துவிடுகிறது.

வாங்கும் முன் சில நடைமுறைக் குறிப்புகள். ப்ளூரே வட்டுகளில் மூன்று மண்டலங்கள் உண்டு: அமெரிக்கா ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு ஏ மண்டலம் என்பதால் அமெரிக்க வட்டுகள் சிக்கலின்றி ஓடும். சென்னையில் வாங்கிய கருவியில் ஓடும் என்று உறுதியில்லை. இந்த மண்டலப் பூட்டில்லாத வட்டுகளும் நிறைய உண்டு, ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ப்ளூரேயைவிடக் கூடுதல் நுணுக்கம் கொண்ட 4கே யுஹெச்டி வட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் சேர்ந்து வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். ஸ்பெயினிலேயே வெளியான பழைய டிவிடிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவை நொடிக்கு 24 படச்சட்டங்களை 25ஆக ஓட்டும் ‘பால்’ (PAL) எனும் தொலைக்காட்சி முறையில் அமைந்தவை. நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், குரல்களும் சற்று உயர்ந்து ஒலிக்கும். பலவற்றில் ஆங்கில சப்டைட்டிலும் இருக்காது. படத்தில் நுண்ணிய துகள்கள் அசைவதைப் பார்த்து அதைக் குறை என்று எண்ணிவிட வேண்டாம். அது ஃபிலிமின் இயல்பு. துகள்களை மென்பொருளால் துடைத்தெடுத்த பிரதியில் முகங்கள் மெழுகாகிவிடும், லில்லி பால்மரின் கண்ணோரச் சுருக்கங்கள் மறைந்தால் மேடம் ஃபோர்னோவே இல்லை. ஸ்ட்ரீமிங் தளங்களில் இந்தப் படங்கள் அவ்வப்போது வருகின்றன, போகின்றன. ஆனால் எந்த வடிவம் என்று அங்கே பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை, மாற்றுக் காட்சிகளும் இருப்பதில்லை. ஒரு படம் நமக்கு ஒத்துவருமா என்று சோதிக்க மட்டும் அது உதவும்.

இணைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். ஒஸ்ஸோரியோ 2001இலும், நாஷி 2009இலும், கிராவ் 2018இலும், செர்ரடோர் 2019இலும் மறைந்துவிட்டார்கள். வட்டுகளில் பதிவாகியிருக்கும் அவர்களுடைய நேர்காணல்களும், உடன் பணியாற்றியவர்களின் நினைவுகளும் இனிப் புதிதாக எடுக்க முடியாதவை. விலை சற்றுக் கூடினாலும் இணைப்புகள் உள்ள பதிப்பையே வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஒரே ஒரு வட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்பவர் ஆரோவின் ‘விடுதி’யை வாங்கட்டும். இரண்டுக்கு இருந்தால் அதோடு சினாப்ஸின் குருட்டுப் பிணங்கள் முதல் படம். இரத்தமும் வேகமும் வேண்டுமென்றால் அதற்குப் பதில் கிராவின் படம். மூன்றாவதாக நாஷியின் முதல் தொகுப்பு, அதுவும் ‘கல்லறையிலிருந்து எழும் பயங்கர’த்தில் தொடங்கி. வாங்கியதும் ‘விடுதி’யின் நீண்ட வடிவத்தை முதலில் முழுமையாகப் பாருங்கள், சில நாள் கழித்துச் சுருக்கிய வடிவத்தைப் போட்டு, எந்தெந்த இடங்களில் கத்தரி விழுந்திருக்கிறது என்று தேடுங்கள். தையல் வகுப்பை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துப் பாருங்கள்.